மூன்று தடவை தோற்ற அரைக்கீரை

போன வருஷம் குலுக்கலில் பெயர் விழுந்து, சிங்கப்பூரின் பொங்கோல் பூங்காவில் எனக்கு ஒரு பாத்தி கிடைத்தது. தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடுவது. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஆண்டுக்கு 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வரி தனி. அம்மா வந்து பார்த்துவிட்டு, "மன்னார்குடியில எங்க வீட்டுத் திண்ணையே இதைவிடப் பெருசுடி" என்றார்.

திண்ணை அளவு நிலத்தில் அரைக்கீரை முளைக்க வைக்க எனக்கு நான்கு தடவை பிடித்தது.

முதல் தடவை, அவரைக்குக் குழி போடுவதுபோல் விரலால் குழி போட்டுப் புதைத்தேன். பத்து நாள் ஆகியும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. "கடுகைவிடச் சின்ன விதை. அது கட்டுச்சோறா கொண்டு வந்திருக்கு? மேல வர்றதுக்குள்ள தீர்ந்துடாதா?" என்று அம்மா கேட்டார். இரண்டாம் தடவை புதைக்காமல் மேலாகத் தூவினேன். மறுநாள் காலை எறும்புகள் வரிசை கட்டித் தூக்கிக்கொண்டு போயின. மூன்றாம் தடவை டிசம்பர். மதியம் கொட்டிய ஒரே மழையில் விதை முழுக்க ஒரு மூலைக்கு ஒதுங்கி, அங்கே மட்டும் பச்சைக் கம்பளம் மாதிரி முளைத்தது. எனக்கோ தாங்க முடியாத சந்தோஷம். நான்காம் நாள் பார்த்தால், மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நைந்து எல்லாம் சாய்ந்து கிடந்தன. நாற்றழுகல். நெருக்கமும் ஈரமும் சேர்ந்தால் வரும் பூஞ்சை நோய் அது.

பக்கத்துப் பாத்தி மலாய்க்கார மக்சிக் (அத்தை) இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அவருடைய பாயம், அதாவது நம் தண்டுக்கீரையின் உறவு, தளதளவென்று நின்றது. "ஜாங்ஙான் தாலாம்-தாலாம் லா" என்று என் கையைப் பிடித்து மண்ணின் மேல் தடவிக் காட்டினார். ஆழம் வேண்டாமாம். அதோடு தன் வீட்டு ஜன்னலில் இருந்த பழைய வலைத்திரையையும் எடுத்து வந்து கொடுத்தார்.

அதன்பிறகு செய்தது இதுதான். முந்தின நாளே மண்ணைக் கிளறி, கட்டியில்லாமல் உதிர்த்து, நன்றாக நனைத்து வைத்தேன். ஒரு கரண்டி விதையோடு பத்துக் கரண்டி காய்ந்த மணல். மணல் இல்லாவிட்டால் இந்த விதையைச் சீராகத் தூவ முடியாது, ஒரே இடத்தில் அள்ளிக் கொட்டிவிடும். நெடுக்காக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினேன். மேலே சலித்த மண், விதை மறையும் அளவுக்கு மட்டும். எறும்புக்குப் பாத்தியைச் சுற்றி இரண்டு கைப்பிடி ரவை. அது ரவையைத் தூக்கட்டும். மழைக்கு மக்சிக்கின் வலைத்திரை, நான்கு மூலையிலும் கல். தண்ணீருக்கு, மூடியில் ஊசியால் ஓட்டை போட்ட மைலோ பாட்டில்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சிவப்பாக முளை தெரிந்தது. உடனே திரையை எடுத்துவிட வேண்டும். சோம்பல்பட்டு விட்டால் வெளிச்சம் தேடி நாற்று நூலாக நீண்டுவிடும்.

வெந்தயத்துக்கு இவ்வளவு பாடு கிடையாது. ராத்திரி ஊற வைத்துக் காலையில் தூவினால் போதும். கொத்தமல்லியைத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும், ஆனால் பத்து நாளாவது பொறுமை வேண்டும். கங்கோங் என்கிற நீர்க்கீரை விதைக்கு நான் காசே செலவழிப்பதில்லை. தேக்கா சந்தையில் வாங்கிய கீரைக்கட்டிலிருந்து கணுவோடு நாலு தண்டை எடுத்து ஈரமண்ணில் சொருகினால் வேர் விடுகிறது.

சண்டித்தனம் செய்தது லெட்டூஸ்தான். நம் ஊர்ச் சூட்டில் அந்த விதை முளைக்காமல் தூங்கிவிடும். ஈர டிஷ்யூவில் மடித்து, டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வைத்தேன். வீட்டுக்காரர் ஏதோ இனிப்பு என்று திறந்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு காற்றோட்டமான தாழ்வாரத்தில் தட்டில் தூவினேன். இதற்கு மண்ணே மூட வேண்டாம், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். பாதிக்கு மேல் வந்தது. தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கக்கூடாது. நாற்றுக்கும் கெடுதல், கொசுவும் முட்டையிடும்.

நேற்று அரைக்கீரைக்குப் பத்தாம் நாள். நெருக்கமாக நின்றவற்றைக் கலைத்ததில் ஒரு கைப்பிடி இளநாற்று தேறியது. வேரைக் கிள்ளிவிட்டுப் பாசிப்பருப்போடு கடைந்தேன். அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, உப்புக் குறைச்சல் என்றார்.