மைக் கேட்காத கருவிகள்

மார்கழி முடிந்து தை பிறக்கிற வாரத்தில் எங்கள் சவுண்ட் சர்வீஸ் வண்டி வீட்டுக்கே வராது. டிசம்பர் சீசன் ஜனவரி முதல் தேதியோடு முடிந்துவிட்டதாக ஊர் நினைக்கும். ஆனால் சில சபாக்களில் கச்சேரிகள் பொங்கல் வரை இழுக்கும். அதற்குள் பூங்காக்களிலும் திடல்களிலும் நாட்டுப்புறக் கலை விழாவான சென்னை சங்கமம் ஆரம்பமாகிவிடும். பகலில் மயிலாப்பூரில் வீணைக்கு மைக் வைத்த அதே கையால் சாயங்காலம் பம்பைக்கும் தவிலுக்கும் வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த ஒரு வாரத்தில்தான்.

சபாவில் என் வேலை சின்ன ஒலிகளைக் காப்பாற்றுவது. வீணையும், வாயில் வைத்து மீட்டுகிற மோர்சிங்கும் மைக்கை நம்பி வாழ்கிற கருவிகள். மைக்கை அணைத்தால் மோர்சிங் நாலாவது வரிசையைத் தாண்டாது. பாடகரின் குரலில் ஒரு கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, தேய்ந்து முடிகிற இடம் பால்கனிக்குக் கேட்கிறதென்றால் அது ஸ்பீக்கர் உபயம். 1900இல் தொடங்கிய திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபாவின் ஆரம்ப காலத்தில் இந்த வசதி ஏது? நாடக மேடையில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அவ்வளவு உயர்ந்த சுருதியில் பாடியதற்கு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவருக்கும் குரல் போய்ச் சேர வேண்டும் என்பதும் ஒரு காரணம். மைக் வந்த பிறகு சுருதியை இறக்கிக்கொண்டு, காதோடு பேசுவதுபோல் பாட முடிந்தது. கர்நாடக சங்கீதத்தை மைக் கெடுத்துவிட்டது என்று சொல்கிற ரசிகர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிழைப்புக்காகச் சொல்வதாக நினைத்தாலும் சரி.

ஆனால் ஒரு வியாதி உண்டு. முதல் கீர்த்தனை முடிவதற்குள் பாடகர் என் பக்கம் பார்த்து உள்ளங்கையை மேலே உயர்த்துவார். மானிட்டரில், அதாவது மேடையைப் பார்த்து வைத்த ஸ்பீக்கரில், தன் குரல் போதவில்லை என்று அர்த்தம். கூட்டினால் அடுத்தது வயலின். அப்புறம் மிருதங்கம், வலது முகமான வலந்தலைக்கு ஒரு மைக், இடது முகமான தொப்பிக்கு ஒரு மைக். எல்லாருக்கும் கூட்டினால் பழைய நிலையேதான், சத்தம் மட்டும் அதிகம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வரும்போது முன்வரிசைத் தாத்தாக்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்: மிக்ஸரில் கையை வைத்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை நகர்த்துவதுபோல் காட்டுவது. நகர்த்த வேண்டியதில்லை. மேடையிலிருந்து 'ஆங், இப்ப சரி' என்று தலையாட்டல் வரும். ஏமாற்று வேலைதான், ஆனால் சங்கீதம் பிழைக்கும்.

பூங்காவில் கதையே வேறு.

சென்னை சங்கமம் 2007இல் தொடங்கி, நடுவில் பல ஆண்டுகள் நின்றுபோய், 2023இல் 'நம்ம ஊரு திருவிழா' என்று மறுபடி வந்தது. பறை, கரகம், ஒயிலாட்டம், தேவராட்டம், நையாண்டி மேளம், தெருக்கூத்து என்று பல மாவட்டத்துக் குழுக்கள் ஒரே வாரத்தில் இந்த ஊருக்கு வருகின்றன. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஷூவோடு நின்று பார்ப்பார்கள். பறையைச் சாவு மேளம் என்று ஒதுக்கிய தெருக்களில் இன்று பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டுகிறார்கள். எத்தனை பேர் மனசு மாறியது என்று எனக்குத் தெரியாது. பார்க்க நிற்கிறார்கள், அதுவே பெரிது.

பறைக்கு முதலில் நெருப்பு வேண்டும். தை மாசப் பனியில் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, வட்டமாகச் சுற்றிக் காய்ச்சினால்தான் நாதம் ஏறும். பூங்காக்காரர்கள் புல்லில் நெருப்பு வைக்க விடமாட்டார்கள், எனக்கோ கேபிள் பயம். கடைசியில் கழிப்பறைக்குப் பின்னால் ஏதாவது சிமென்ட் தரை கிடைக்கும். இப்போது ஃபைபர் பறை வந்துவிட்டது, காய்ச்ச வேண்டாம், பனியும் ஒன்றும் செய்யாது. தோலின் அடி நாதம் அதில் வராது என்று என் காது சொல்கிறது. சபாவிலும் இதே பாடுதான்: ஏசி குளிரில் மிருதங்கத்தின் சுருதி நகரும், வித்வான் கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் அங்கே தோலுக்காக ஏசியைக் குறைக்கச் சொல்லலாம், குறைப்பார்கள். இங்கே நெருப்புக்கு அனுமதி வாங்கவே சாயங்காலம் ஆகிவிடும்.

சரி, பறை காய்ந்தது, மைக்? தெருவில் அடித்தால் அடுத்த தெரு ஜன்னலைத் திறக்கும். அதற்கு மைக்கே வேண்டாம். அதைவிட முக்கியம், பறையாட்டத்தில் அடியும், ஆட்ட அசைவான அடவும் ஒன்று. அடிப்பவர் நகர்ந்துகொண்டே இருப்பார், வளைவார், திரும்புவார், வரிசை கலைந்து சேரும். மேடை முன்னால் ஸ்டாண்டு போட்டு மைக் வைத்துவிட்டால் ஆட்டக்காரர்கள் அதை நோக்கி வந்து வரிசையாக நின்றுவிடுகிறார்கள். யாரும் நிற்கச் சொல்வதில்லை. மைக்கைப் பார்த்தால் நிற்க வேண்டும் என்று கால்களுக்குத் தோன்றிவிடுகிறது. அடி கேட்கும், அடவு போய்விடும்.

ஆகவே நான் மைக் வைக்காமல் விட ஆரம்பித்தேன். அங்கேதான் சிக்கல். நையாண்டி மேளக் குழு ஒன்று, இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு. வயதில் மூத்த நாகஸ்வரக்காரர் மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, முன்னாடி பாடுன பொண்ணுக்கு மைக் வெச்சீங்க. எங்களுக்கு இல்லையா?"

"ஐயா, உங்க வாத்தியத்துக்கு மைக்கே தேவையில்லை, பூங்கா முழுக்கக் கேக்கும்."

"கேக்கும்னு எனக்குத் தெரியும். கீழ உக்காந்திருக்கறவங்க, இவங்களுக்கு ஒரு மைக் கூடக் குடுக்கலன்னுல்ல பார்ப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கோயில் வாசலிலும் ஊர்வலத்திலும் வெயிலில் நின்று ஊதிய வாத்தியம் அது. சபாக்களிலும் பல இடங்களில் தொடக்க விழாவுக்கு மங்கல இசையாகக் கூப்பிட்டு, கூட்டம் வந்து உட்காருவதற்குள் முடித்துவிடச் சொல்கிறார்கள். அப்படி ஒரு வாத்தியக்காரரிடம் போய் ஒலியியல் பாடம் எடுக்க நான் யார்? உடனே மூன்று ஸ்டாண்டு போட்டேன். ஃபேடரைக் கொஞ்சமாகத்தான் திறந்தேன். ஆக, சபாவில் கற்ற அதே வித்தை இங்கேயும் உதவியது. ஆட்டக் குழுக்களுக்கு மட்டும் மேடை ஓரங்களில் மைக்கை உயரத்தில் தூக்கி வைக்கிறேன். மைக் இருப்பது தெரியும், கால் போகிற வழியில் இருக்காது.

இந்த யோசனை என்னுடையது அல்ல, கூத்துக்காரர்களுடையது. காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் கூத்து நடக்கும்போது களத்துக்கு மேலே கயிறு கட்டி மைக்கைத் தொங்கவிடுவார்கள். வேஷக்காரர் பாட்டு அடிக்கு மட்டும் அதன் கீழே வருவார், பின்பாட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்ளும்போது கிறுகிறுவென்று சுற்றி ஆடப் போய்விடுவார். சட்டையில் மாட்டுகிற கார்ட்லெஸ் மைக்கைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் உரசி, ராஜா வாய் திறப்பதற்குள் கரகரவென்று ஸ்பீக்கர் கத்தும். கயிறுதான் சரி.

இந்த வாரத்தில் எனக்கு மனசு ஆறாத விஷயம் கூத்துக்குக் கொடுக்கிற நேரம். ஒரு கச்சேரிக்கு இரண்டரை மணி நேரம் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டுத்தந்த வரிசையில் வர்ணம் முதல் மங்களம் வரை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. விடிய விடிய ஆடுகிற கூத்துக்கு அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. "வேஷம் கட்டவே ரெண்டு மணி நேரம் ஆவுது தம்பி, அரை மணியில இன்னாத்த ஆடறது?" என்றார் ஒரு வாத்தியார். கதையைத் தொடங்கிவைக்கிற கோமாளி கட்டியங்காரனை விட முடியாது, திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரர் வருகிற திரைப் பிரவேசத்தை விட முடியாது. அந்த இரண்டும் முடிவதற்குள் அறிவிப்பாளர் மேடையோரம் வந்து கைக்கடிகாரத்தைக் காட்ட ஆரம்பித்திருப்பார். துரியோதனன் வந்தான், கோபப்பட்டான், போனான். கதை அவ்வளவுதான்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது அமைப்பாளர்கள் சொல்கிற காரணம். 2000இல் வந்த ஒலி மாசு விதி, பத்திலிருந்து காலை ஆறு வரை தடை. எங்கள் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம். திறந்த வெளியில் வாத்தியம் வாசிக்கவும் அந்த நேரத்தில் தடை இருக்கிறது. ஆனால் அதே விதி மூடிய அரங்குகளுக்கு விலக்கு கொடுக்கிறது. மூடிய அரங்குக்கு இந்த ஊரில் பஞ்சமா? தை பிறந்த பிறகு சபா ஹால்கள் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஏதாவது ஒரு சபா, ஒரே ஒரு ராத்திரிக்கு, ஹாலைக் கூத்துக்கு விட்டால் போதும். முதல் இரண்டு வரிசை நாற்காலியை எடுத்துவிட்டுக் களமாக்கலாம், கேன்டீனில் விடியும்வரை காபி போடலாம். மைக் செலவும் இருக்காது, அந்தக் குரல்களுக்கு அவ்வளவு சின்ன ஹாலில் மைக் தேவையே இல்லை. கேட்டால் ஒரு கயிறும் ஒரு மைக்கும் கொண்டுவந்து கட்டித் தருகிறேன், வாடகை வேண்டாம்.