தோட்டத்துச் சாளைக்கு சோலார் போட்ட கதை

எங்கள் தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்தில் இருக்கும் சின்ன வீடு) வீட்டு மின் இணைப்பு கிடையாது. கிணற்று மோட்டாருக்கு வந்திருக்கும் விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்கு எடுக்கக் கூடாது. தனி இணைப்பு வேண்டுமென்றால் கம்பம் நட்டு லைன் இழுக்க வேண்டும். அப்பா ராத்திரி அங்கேதான் படுக்கிறார் என்பதால் சோலார் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

2024-இல் வந்த பிரதமரின் வீட்டு சோலார் திட்டத்தில் மானியம் வாங்கலாமே என்று பலர் சொன்னார்கள். அது மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் அமைப்புக்கானது. பேட்டரி இல்லாத அந்த வகை இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனே இல்லாத எங்களுக்குப் பேட்டரி வைத்த தனி அமைப்புதான் வழி.

கடையில் போய் நின்றால் முதல் கேள்வியே "எத்தனை பேனல்?" என்றுதான் வரும். நான் ராத்திரிச் செலவிலிருந்து கணக்குப் போட்டேன். பி.எல்.டி.சி. (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த) மின்விசிறி 2, ஒன்றுக்கு 28 வாட், 10 மணி நேரம்: 560 வாட்-மணி. 9 வாட் பல்பு 4, 5 மணி நேரம்: 180. கேமராவும் அதற்கான ரௌட்டரும் சேர்த்து 15 வாட், நாள் முழுக்க: 360. போன் சார்ஜுக்கு 30. மொத்தம் 1,130. இதில் பலரும் விட்டுவிடுவது இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு. சும்மா ஆன் செய்து வைத்தாலே எங்களுடையது 20 வாட் எடுக்கும். 24 மணி நேரத்துக்கு 480. அதனால் கேமராவையும் ரௌட்டரையும் 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வழியாக நேரடியாக பேட்டரியில் மாட்டிவிட்டு, இன்வெர்ட்டரை மாலை 6 முதல் காலை 6 வரை மட்டும் ஓட்டுகிறோம். ஆக ஒரு நாளைக்கு 1,370.

பேட்டரியில் ட்யூபுலர் எனும் லெட் ஆசிட் வகையா லித்தியமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) ட்யூபுலர் இரண்டு போட்டால் கணக்குக்கு 3,600 வாட்-மணி. ஆனால் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால்தான் நாள்பட உழைக்கும், அதாவது கையில் 1,800. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் காற்றோட்டம் வேண்டும். அதைவிட, எங்கள் சாளைக்கு மேலே சிமெண்ட் ஷீட். சித்திரை வைகாசியில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். சூடு 10 டிகிரி கூடினால் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. லித்தியத்துக்கும் சூடு ஆகாதுதான். ஆனால் 24 வோல்ட், 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (சரியாகச் சொன்னால் 25.6 வோல்ட்) 2,560 வாட்-மணி, அதில் 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம். விலை கூடத்தான். ஆனாலும் இதையே வாங்கினோம், இன்றும் இதுதான் சரி என்பேன். பேட்டரியை வடக்குச் சுவர் ஓரமாக, வெயில் படாத இடத்தில் வைத்தோம்.

சாளையைச் சுற்றி தென்னை. ஓலை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே பேனலின் உற்பத்தி கணிசமாகக் குறையும். அதனால் 25 மீட்டர் தள்ளி, மோட்டார் ரூம் மேல், தெற்கே பார்த்து 11 டிகிரி சாய்வில் வைத்தோம். நம் அட்சரேகைக்கு அதுவே போதும்; மழை பெய்தால் தூசியும் கழுவிக்கொண்டு போகும்.

அந்த 25 மீட்டர்தான் வயரிங்கை முடிவு செய்தது. 335 வாட் பேனல் 2. ஒன்றின் வேலை வோல்டேஜ் 38, கரண்ட் 8.8 ஆம்பியர். பேரலலாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து) போட்டால் 38 வோல்ட்டில் 17.6 ஆம்பியர் வரும். போக வர 50 மீட்டர், 4 சதுர மி.மீ. கேபிளுக்கு ஏறக்குறைய கால் ஓம், 4.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். மத்தியான வெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சூடானால் அந்த 38-ம் 32 ஆக இறங்கும். மிச்சம் 28 கூட இல்லை; பேட்டரி நிரம்ப 28.4 வேண்டும். நல்ல வெயிலிலேயே சார்ஜ் நின்றுவிடும்! சீரியஸில் (ஒன்றன் பிளஸை அடுத்ததன் மைனஸோடு சேர்த்து) போட்டால் 76 வோல்ட், 8.8 ஆம்பியர், இழப்பு 2.2 வோல்ட்தான். அதனால் சீரியஸ், கூடவே பேனலின் அதிக வோல்டேஜைப் பேட்டரிக்கு ஏற்றபடி இறக்கி சார்ஜ் செய்யும் எம்.பி.பி.டி. கண்ட்ரோலர்.

கண்ட்ரோலரின் உச்ச வரம்பு 100 வோல்ட். லோடு இல்லாதபோது எங்கள் பேனல் ஒன்றுக்கு 46, இரண்டுக்கு 92. மார்கழிக் காலைக் குளிரில் வோல்டேஜ் ஏறும், 15 டிகிரியில் 95 வரை போகலாம். பரவாயில்லை. கடையில் 540 வாட் பேனல் இரண்டு எடுக்கச் சொன்னார்கள். அது ஒன்றுக்கே 49.5. சீரியஸில் 99, குளிரில் 100-ஐத் தாண்டிவிடும், கண்ட்ரோலர் போய்விடும். வாட்டைப் பார்ப்பதற்கு முன் பேனலின் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள்.

பேனல் லைனுக்கு ஒரு கடையில் வீட்டுக்குப் போடும் ஏ.சி. எம்.சி.பி.-யை (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் பொறி அணைந்துவிடும். டி.சி.யில் அப்படி இல்லை, பொறி எரிந்துகொண்டே இருக்கும். அதற்கென்றே செய்த டி.சி. எம்.சி.பி.தான் வேண்டும். பேட்டரி பாசிட்டிவ் பக்கத்தில், முனையை ஒட்டியே 60 ஆம்பியர் ஃபியூஸ். இன்வெர்ட்டருக்கு 16 சதுர மி.மீ. கேபிள், ஒன்றரை மீட்டருக்குள். பேனல் ஃப்ரேமுக்கு எர்த்.

மாட்டும்போது எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் வரிசையில் விடாப்பிடியாக இருந்தார்: முதலில் பேட்டரி, கடைசியில் பேனல், கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரியைப் பார்த்துத்தான் கண்ட்ரோலர் 12-ஆ 24-ஆ என்று தெரிந்துகொள்கிறது. ஒவ்வொரு முனையிலும் மல்டிமீட்டர் வைத்து பிளஸ் மைனஸ் பார்த்த பிறகுதான் முடுக்கினார். ஒரு மணி நேரம் லோடு ஓட்டிவிட்டு கேபிள் முனைகளில் இருக்கும் எல்லா லக்கையும் தொட்டுப் பார்த்தார், எதுவும் சுடவில்லை. அப்புறம் கண்ட்ரோலரில் செட்டிங்: சார்ஜ் 28.4 வோல்ட், ஈக்வலைசேஷன் (அவ்வப்போது வோல்டேஜைக் கூட்டி சார்ஜ் செய்வது) ஆஃப். அது லெட் ஆசிட்டுக்கானது. லித்தியத்தில் ஓடினால், பேட்டரிக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பி.எம்.எஸ். பேட்டரியைத் துண்டித்துவிடும்.

ஐப்பசி அடைமழையில் என்ன ஆகும் என்பதுதான் அப்பாவின் கவலை. லித்தியத்தில் வோல்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், அதை வைத்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. அதனால் போகும் வரும் கரண்டை அளந்து கணக்கு வைக்கும், ஷண்ட் வைத்த மீட்டர் ஒன்றை மைனஸ் கம்பியில் சேர்த்தோம். சதவீதம் 40-க்குக் கீழே போனால் ஒரு மின்விசிறியை மட்டும் ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.