பானைக்குள்ளிருந்து வந்த குரல்

காது மெஷின் வாங்கிய முதல் வாரம் அப்பா அதைக் கழற்றிக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். "பானைக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி இருக்குடா" என்றார். அடம் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு "ஈ..." என்று இழுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. பேசும்போது எலும்பு வழியாகக் காதுக்குழாய்க்குள் வரும் அதிர்வு வழக்கமாக வெளியே போய்விடும். குழாயின் வாயை அடைத்தால் உள்ளேயே தங்கி, தாழ்ந்த ஒலிகள் பெருத்துவிடுகின்றன.

இன்னொன்றும் போய்விடுகிறது. திறந்த காதுக்குழாய் தானாகவே 2,500 - 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். அடைத்துவிட்டால் மெஷினுக்குள் இருக்கும் ஈக்வலைசர்தான், அதாவது தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் பகுதிதான், அதைத் திருப்பித் தர வேண்டும். என் இயர்பட்ஸில் வெளிச் சத்தத்தைக் கேட்க வைக்கும் டிரான்ஸ்பரன்சி மோடுக்கும் இதே வேலைதான்.

அப்பாவுக்குக் கீச்சு ஒலிகள்தான் கேட்பதில்லை. தாழ்ந்தவை நன்றாகவே கேட்கும். அதனால் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்துபவர்) மூடிய ரப்பர் முனையை எடுத்துவிட்டு, ஓட்டைகள் வைத்த முனையை மாட்டினார். பானை போயே போய்விட்டது. அன்று மாலை அம்மா கடுகு தாளித்தபோது ஹாலில் இருந்தவர் சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பினார்.