எனக்கு வசனம் இல்லை

மலர்க்குழுவிலிருந்து நாலாவது தடவையும் தொலைபேசி வந்துவிட்டது. "சேரைப் பற்றி நீர்தான் எழுதவேணும்." ஏன் நான் என்று அவர்கள் சொல்லவில்லை. 1993 நாடகம் பார்த்த பெடியள் எல்லாருக்கும் தெரியும்.

ஹோமரின் கிரேக்க காவியமான ஒடிசியைச் சேர் யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தில் வாசித்தவர். 1981இல் நூலகம் எரிக்கப்பட்ட பிறகு அந்தக் கதை அவருடைய தலைக்குள் மட்டும்தான் இருந்தது. கொப்பிக்கும் தட்டுப்பாடு, வாயால் சொல்லிச் சொல்லியே பழக்கினார். கதையில் வரும் இத்தாக்காத் தீவு எங்கள் கல்லூரியானது. அதன் அரசன் ஒடிசியஸ், போன இடத்திலிருந்து 20 வருடமாகத் திரும்பாத சிரேஷ்ட மாணவத் தலைவன். அவன் கதிரைக்கு அடிபடும் 108 பேரும் கன்ரீனில் கடனுக்குப் பணிஸ் தின்பார்கள். (மேடையில் எட்டுப் பேர், மிச்சம் நூறும் திரைக்குப் பின்னால் சேரின் குரல்.) அவன் மனைவி பெனலோப்பி மலராசிரியர். "மலர் வெளிவரட்டும், முடிவு சொல்லுறன்" என்றுவிட்டு, பகலில் எழுதியதை இரவில் ஜாம் போத்தல் விளக்கடியில் இருந்து கிழிப்பாள். ஒற்றைக்கண் அரக்கன், ரோச் லைற்றோடு வரும் விடுதி மேற்பார்வையாளர். மூலக்கதையில் அந்தக் கண்ணைக் குத்தவேண்டும். எங்களுக்கு அந்த வேலை இருக்கவில்லை, யுத்த காலம், பற்றரிக்குத் தடை. "ஆரடா அது?" என்று இருட்டில் கத்துவார். "ஒருத்தருமில்லை, சேர்!" விடுதிப் பெடியள் வாங்கில் ஏறி நின்று விசிலடித்தார்கள்.

ஒடிசியஸின் வசனம் முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தேன். கிடைத்தது ஆர்கோஸ், அவனுடைய கிழட்டு நாய். எருக்குவியலில் கிடந்து, எசமானைக் கண்டதும் வாலாட்டி, காதைத் தாழ்த்தி, செத்துப்போகவேண்டும். வசனம் இல்லை. எரு மட்டும் அசல். ஆட்டிய வேகத்தில் கயிற்று வால் கழன்று முன்வரிசையில் போய் விழுந்தது. ஓஎல் சோதனை முடியும்வரை இடாப்பில் என் பெயர் வரும்போதெல்லாம் பின்வாங்கு குரைத்தது.

சேரிடம் போய் அழுதேன்.

"வளர்த்த கிழவிக்கே அவனை அறியத் தழும்பு தேவைப்பட்டதடா. நாய்க்கு ஒண்டும் தேவைப்படேல்லை."

"அப்ப ஏன் சேர் அவன் கிட்டப் போகேல்லை?"

"போனால் வேசம் கலைஞ்சுபோமெல்லே. கண்ணைத் துடைச்சுக்கொண்டு தாண்டிப் போனான்."

அன்றைக்கு அது ஆறுதலாகவே படவில்லை.

1995 இடப்பெயர்வு, கொழும்பு, பிறகு ரொறன்ரோ. ஒடிசியஸாக நடித்தவன் ஊரை விட்டு அசையவேயில்லை. சேர் போன செய்தியை வட்ஸ்அப்பில் அனுப்பியதும் அவன்தான்.

2013இல் காணி உறுதி அலுவலாகப் பத்து நாள் போயிருந்தேன். ஊருக்கு நான் கனடாவில் இஞ்சினியர். இங்கே பேக்கரியில் இரவு வேலை. சேர் கேட்டால், அவரிடம் எனக்குப் பொய் வராது. வான் அவருடைய ஒழுங்கையை இரண்டு தரம் கடந்தது. இரண்டாம் தரம் படலை திறந்திருந்தது. முற்றத்துச் சாய்மனைக் கதிரையில் ஒரு வெள்ளைத் தலை. "திரும்பி வரேக்க பாப்பம்" என்று சாரதியிடம் சொன்னேன். வான் சத்தத்துக்கு அந்தத் தலை நிமிர்ந்தது.

நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.