தீயில் மாண்ட மாடுகளுக்காக

2023 ஏப்ரல் 10 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டிம்மிட் நகருக்கு அருகேயுள்ள சவுத் ஃபோர்க் பால் பண்ணையில் மூண்ட தீயில் ஏறத்தாழ 18,000 மாடுகள் மாண்டதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் ஆறுவதில்லை. கறவைக்காக ஓட்டி வரப்பட்டு, மடி கனக்க, ஒன்றையொன்று உரசியபடி அவை காத்திருந்த பட்டிக்கும் தீ பரவியது, தப்பிக்க வழியில்லை. படுகாயத்துடன் ஒரு தொழிலாளி மீட்கப்பட்டார் என்பதே அன்று கிடைத்த ஒரே ஆறுதல். அது விபத்து என்று விசாரணை முடிந்துவிட்டது. ஆனால், இத்தனை வாயில்லா உயிர்களை ஒரே கூரையின்கீழ் அடைப்பவர்கள் தண்ணீர் தெளிப்பான்களையும் அவசர வாசல்களையும் அமைத்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என நான் உறுதியாகக் கருதுகிறேன்.