உள்ள லைட்ட போட்டுட்டு நிறுத்து

ஆஸ்திரேலியாவுல பெர்த்துல இருந்து அடிலெய்டு வரைக்கும் கார்லயே போயிடலாம்னு கிளம்பினது நானும் என் கூட வேலை பாக்கற நண்பனும். நடுவுல நல்லர்போர்ங்கற பெரிய சமவெளி. லத்தீன்ல மரமே இல்லாத இடம்னு அர்த்தம், ஆனா அத தாண்டிப் போற ஏர் (Eyre) ஹைவே வழியில பெரும்பாலும் புதரும் குட்டை மரமும் வந்துக்கிட்டே தான் இருக்கும், நிஜமான மொட்டை வெளி ரோட்டுக்கு வடக்க இருக்கு. பேர நம்பி ஏமாந்தவங்கள்ல நானும் ஒருத்தன்.

இருட்டினப்புறம் அங்க ஓட்டாதீங்க, கங்காரு குறுக்க பாயும்னு எல்லாரும் சொல்லித்தான் அனுப்பினாங்க. நாங்களும் பொழுது சாயறதுக்குள்ள கெய்குனாங்கற ரோட்ஹவுஸுக்கு (பெட்ரோல், சாப்பாடு, ரூம் எல்லாம் கிடைக்கற எடம்) போயிடறதாத்தான் இருந்தோம். ஆனா அதுக்கு முன்னாடி வர்ற பலடோனியா ரோட்ஹவுஸ்ல, 1979ல வானத்துல இருந்து விழுந்த ஸ்கைலேப்ங்கற அமெரிக்க விண்வெளி நிலையத்தோட துண்டெல்லாம் வெச்சிருக்காங்க, அத பாக்கறேன், போட்டோ எடுக்கறேன்னு நின்னு நேரம் போயிடுச்சு (நின்னது நான் தான், இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறான்).

அங்க இருந்து கொஞ்ச தூரத்துல 90 மைல் ஸ்ட்ரெய்ட் ஆரம்பிக்குது. 146.6 கிலோமீட்டர், ஒரு வளைவு கிடையாது. அதுல பாதி தாண்டினப்ப பின் டயர் போச்சு. நல்லா இருட்டிடுச்சு, போன்ல ஒரு கோடு கூட இல்ல. ஓரத்துல சரளை மண்ணு, ஜாக்கிய வெச்சா வண்டி ஏறல, ஜாக்கி தான் மண்ணுக்குள்ள இறங்குது. நட்டுல ஒண்ணு இறுகிப்போய் அசையவே மாட்டேங்குது.

அப்பத்தான் தூரத்துல ஒரு வெளிச்சம். நேர் ரோடுங்கறதால அது வந்துக்கிட்டே இருக்கு ஆனா வந்து சேரல, பத்து நிமிஷம் போல அதையே பாத்துக்கிட்டு நிக்கறோம். மொத அஞ்சு நிமிஷம் "அப்பாடா"ன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் மண்டைக்குள்ள வேற படம் ஓட ஆரம்பிச்சிடுச்சு, யாரோ என்னமோ, கத்தினா கேக்கக்கூட ஆளில்லையேன்னு. நண்பன் வீல் ஸ்பேனர கையில புடிச்சுக்கிட்டு "மச்சான் நீ பேசு"ங்கறான்.

பழைய யூட் (பின்னாடி திறந்த பிக்கப்) வண்டி ஒண்ணு. எங்கள தாண்டிப் போயி, வேகத்த குறைச்சு, திரும்பி வந்து ஒரு அம்பது மீட்டர் தள்ளி நின்னுச்சு. யாரும் இறங்கல. நாங்களும் அசையல. ஒரு நிமிஷம் இருக்கும், திடீர்னு அந்த வண்டிக்குள்ள லைட்டு எரிஞ்சுது. உள்ள ஒரு வயசானவர், கம்பளி குல்லா, ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல நல்லா தெரியற மாதிரி வெச்சுக்கிட்டு எங்களையே பாத்துக்கிட்டு இருக்கார்.

அவருக்கும் பயம். அப்புறம் அவரே சொன்னார், ராத்திரியில தாடி வெச்ச ரெண்டு பேரு, ஒருத்தன் கையில இரும்பு, நீங்களா இருந்தா நிப்பீங்களான்னு. நண்பன் அப்பத்தான் கையப் பாத்துட்டு ஸ்பேனர கீழ போட்டான்.

பின்னாடி இருந்து ஒரு பலகைய எடுத்து ஜாக்கிக்கு அடியில குடுத்தார், நட்டுல ஸ்பேனர மாட்டி அது மேல ஏறி நின்னு ஒரு குதி, அவ்ளோதான். கால் மணி நேர வேலை. பேரு கூட கேட்டுக்கல. தண்ணி எவ்ளோ வெச்சிருக்கீங்கன்னு மட்டும் கேட்டார், சொன்னதும் முகம் சுளிச்சு ஒரு கேன இறக்கி வெச்சிட்டுப் போயிட்டார்.

மெதுவா உருட்டிக்கிட்டு போறப்ப ரோட்டுல குறுக்க பட்டை பட்டையா வெள்ளக் கோடு வந்துச்சு. அவசரத்துக்கு டாக்டர கூட்டிட்டு வர்ற ஃப்ளையிங் டாக்டர் விமானம் ஹைவேலயே இறங்கறதுக்கு போட்டு வெச்சிருக்கற ஓடுபாதை அது. பகல்ல பாத்திருந்தா குஷியா இருந்திருக்கும், அந்த நேரத்துல வயித்தக் கலக்குச்சு.

கெய்குனால ரோட் ட்ரெயின் (பல ட்ரெய்லர் மாட்டின நீள லாரி) டிரைவர் ஒருத்தர் வெளிய உக்காந்து பூட்ஸ் கழட்டிக்கிட்டு இருந்தார். மணி என்னன்னு கேட்டேன். "யாரு கடிகாரப்படி?"ன்னார். கிண்டல் பண்றார்னு நெனச்சேன், இல்ல, கெய்குனால இருந்து மாநில பார்டர் வரைக்கும் தனி நேரமாம், பெர்த்த விட முக்கா மணி முன்னாடி, அரசாங்க கணக்குலயே கிடையாது, அவங்களா வெச்சுக்கிட்டது. போன் பழைய நேரத்தயே காட்டிக்கிட்டு இருந்துச்சு. எங்களுக்கு ராத்திரியில முக்கா மணி நேரம் காணாமப் போனதுக்கு அவர் தான் விழுந்து விழுந்து சிரிச்சார்.

அடுத்த நாளும் லேட்டு, வேற யார சொல்ல. செடூனாங்கற ஊருக்கு முன்னாடி ஓரமா ஒரு கார், ஹசார்ட் லைட்டு மின்னிக்கிட்டு. நண்பன் சொன்னான், "டேய் தள்ளி நிறுத்து, உள்ள லைட்ட போடு." போட்டேன். கையையும் ஸ்டியரிங் மேல வெச்சுக்கிட்டேன். ஒரு அம்மா கண்ணுக்கு மேல கைய வெச்சு எங்கள உத்து உத்து பாத்துட்டு கிட்ட வந்தாங்க.

"டயரா?"ன்னு கேட்டேன்.

"இல்லப்பா, பையன் ஒண்ணுக்குப் போறான். நீங்க நிக்கறதால அவனுக்கு வரமாட்டேங்குது, கொஞ்சம் கிளம்பறீங்களா?"