சுக்கு எண்ணெய் வடித்த கதை: மணம் குடுவையில், காரம் சட்டியில்

கடையில் சின்ன பாட்டிலில் விற்கிற இஞ்சி எண்ணெயை வீட்டிலேயே வடிக்க முடியுமா என்று ரொம்ப நாளாக ஆசை. முதலில் பச்சை இஞ்சியில் தொடங்கினேன். அகலமான பாத்திரத்தில் தட்டிய இஞ்சியும் தண்ணீரும், நடுவில் ஸ்டாண்டின் மேல் காலிக் கிண்ணம், கவிழ்த்த மூடியின் மேல் ஐஸ்கட்டி. அடுப்பைச் சிம்மில் வைத்தால் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். நல்ல மணமான நீர் கிடைத்தது. எண்ணெய் என்று பார்த்தால் மேலே மெல்லிய படலம் மட்டும்தான்.

அடுத்து சுக்கு. உலர்ந்த இஞ்சியில் 1 முதல் 3 சதவீதம் வரை ஆவியாகும் எண்ணெய் உண்டு. அரைக் கிலோ சுக்கை ரவைப் பதத்துக்கு உடைத்து, இட்லிச் சட்டியின் தட்டில் துணி விரித்துப் பரப்பினேன். மாவாக அரைத்தால் கட்டிதட்டி ஆவி உள்ளே போகாது. மூடியிலிருந்து ஒரு செம்புக் குழாய், அதன் சுருள் ஐஸ் தண்ணீர் வாளிக்குள், மறுமுனை கண்ணாடிக் குடுவையில். மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைப் பூசினேன். குழாய் அடைத்துக்கொண்டால் மாவுதான் முதலில் விட்டு ஆவியை வெளியேற்றும். இறுக மூடும் குக்கரில் அப்படி நடக்காது, அதனால்தான் அதன் பக்கமே போகவில்லை.

குடுவையில் விழுந்த நீர் வெளுப்பாகக் கலங்கியிருந்தது. அசைக்காமல் விட்டதும் தெளிந்து, வெளிர் மஞ்சளில் எண்ணெய் மேலே மிதந்தது. சிரிஞ்சால் உறிஞ்சினேன், சுமார் 3 மில்லி. அந்த மணத்தில் எலுமிச்சைச் சாயலும் மரவாசனையும் கலந்திருந்தன. சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு ஒன்று செய்து பார்த்தேன். வடிந்த நீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன், காரமே இல்லை. தட்டில் மிஞ்சிய சுக்கில் ஒரு கிள்ளு வாயில் போட்டேன், சுரீர் என்றது. ஆவியோடு ஏறி வருவது ஜிஞ்சிபெரீன், கேம்ஃபீன் போன்ற மணப்பொருள்கள். காரம் தருகிற ஜிஞ்சராலும், இஞ்சி காயும்போது அதிலிருந்து உண்டாகும் ஷோகாலும் ஆவியில் ஏறாமல் சக்கையிலேயே தங்கிவிடும். இஞ்சி எண்ணெய் என்றாலே சுள்ளென்று சூடேற்றும் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அத்தையின் முழங்காலில் அது அப்படியே தெரிந்தது. 30 மில்லி நல்லெண்ணெயில் 6 சொட்டு கலந்து தேய்த்துவிட்டேன். "மணக்குது கண்ணு, சூடே ஏறலையே" என்றார். சுக்குத்தூளை நல்லெண்ணெயில் போட்டு, கொதிக்கும் நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூட்டில் ஊறவிட்டு, மல்துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். காரம் எண்ணெயில் கரையும் என்பதால் இதில் நன்றாக இறங்கியிருந்தது. இப்போது அத்தை கேட்பது இதைத்தான். மூட்டு வலி தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், தேய்த்த கொஞ்ச நேரத்துக்கு இதமாக இருக்கிறதாம். இதற்குப் பச்சை இஞ்சி வேண்டாம். ஈரம் சேர்ந்தால் எண்ணெய் கெட்டுவிடும்.

வடித்த எண்ணெய்க்கு வேறு வேலை இருக்கிறது. வால்பாறைக்குப் போகும்போது 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் மகளுக்குக் குமட்டும். கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுக் கொடுத்தேன், வாந்தி இல்லாமல் வந்து சேர்ந்தாள். இஞ்சி எண்ணெயை முகர்ந்தால் குமட்டல் குறையுமா என்று ஆய்வுகளும் நடந்திருக்கின்றன, முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. எங்களுக்கு உதவியது, அவ்வளவுதான் சொல்வேன்.

நேரடியாகத் தோலில் தடவாதீர்கள், குடிக்கவே கூடாது. கலந்ததையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டிலில், வெயில் படாமல் வைக்க வேண்டும்.

அடுத்த முறை கடைச் சுக்கு வேண்டாம் என்றிருக்கிறேன். எண்ணெய் தங்கியிருக்கும் நுண்ணறைகள் இஞ்சித் தோலை ஒட்டியே அதிகம். சுக்குக்காகத் தோல் சீவும்போது அவையும் போய்விடும், சில சுக்கில் சுண்ணாம்பும் பூசியிருப்பார்கள். இஞ்சியைத் தோலோடு கழுவி நறுக்கி மொட்டைமாடியில் காயப் போட்டிருக்கிறேன். 3 மில்லியைத் தாண்டுமா என்று பார்க்க வேண்டும்.